எப்படிங்கிறது உங்க பாடு

மூன்று மணி நேரமாக கார்ப்பரல் அபெனிசா, லம்பாசா சாலையோர ராணுவ முகாமின் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பூட்ஸில் ஆற்றுச் சேறு காய்ந்து வெடித்திருந்தது. புயலடித்ததிலிருந்து முகாமில் குழாய்த் தண்ணீர் இல்லை. பக்கத்தில் டிரைவர் லோசலினி ஆறிப்போன மரவள்ளிக்கிழங்கைப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தாள்.

"சட்டைக் கையில இருக்கற அந்த ரெண்டு பட்டையையும் இப்பவே பிரிச்சு வச்சிருங்கண்ணே. அவங்களுக்கு வேலை மிச்சம்."

"கத்தரி கொண்டாந்தியா?" என்றான். சிரிக்கவில்லை. கார்ப்பரல் பட்டை போனால் டிசம்பரில் அவன் ராணுவ ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள்.

இருவரையும் விசாரணைக்கு உள்ளே கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் மேஜர். ஓரமாகக் கேப்டன் நவிதி.

"தண்ணி லாரியை ஆத்துல இறக்கச் சொன்னீங்களா?" என்று மேஜர் கேப்டனைக் கேட்டார்.

"இல்ல சார்."

அது உண்மைதான். புயலுக்கு மறுநாள் காலையில் கேப்டன் சொன்னது வேறு. "ஆத்துக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க வயித்தால போயிட்டுக் கிடக்குதுங்க. பொழுது சாயறதுக்குள்ள அதுங்க நல்ல தண்ணி குடிக்கணும். அதுதான் நோக்கம். எப்படிங்கிறது உங்க பாடு." பிறகு வழக்கப்படி, ஒவ்வொருவரையும் அந்த நோக்கத்தைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லவைத்தார். "முதல்ல அந்தப் பிள்ளைங்க. மத்ததெல்லாம் அப்புறம்," என்று அபெனிசா சொன்னான். கேப்டன் தலையாட்டினார்.

பாலம் புயலில் அடித்துக்கொண்டு போயிருந்தது. அபெனிசாவும் லோசலினியும் ஆழம் குறைந்த இடமாகப் பார்த்து லாரியை இறக்கினார்கள். பிள்ளைகள் குடித்தார்கள். திரும்பும்போது வெள்ளம் ஏறி லாரியைப் புரட்டியது. இருவரும் நீந்திக் கரையேறினார்கள்.

அபெனிசா கேப்டனைப் பார்த்தான். அவர் மடியில் இருந்த தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"சொந்தக்காரங்களுக்காகத்தான் நீ போனேன்னு பேசிக்கிறாங்க," என்றார் மேஜர். "உன் ஊரு அந்தப் பக்கந்தானே?"

அபெனிசா சுவரில் மழை ஊறிய கறையைப் பார்த்தபடி நின்றான்.

"டிரைவர், நீ சொல்லு."

லோசலினி கையை உடையில் துடைத்துக்கொண்டாள்.

"அவர் ஊரு இந்தப் பக்கம் சார். ஆத்துக்குப் போற வழியில. ரோட்டோரத்துல அவர் பொண்ணு வாளியோட நின்னுச்சு. நான் பிரேக்குல கால் வச்சேன்." அவள் குரல் இறங்கியது. "நிறுத்தாதேன்னாரு."