மூடியோரம் நிற்பவன்

எனக்கு அழுகை வராது. பெருமைக்குச் சொல்லவில்லை. சர்க்கரை, பிரஷர் என்று மற்றவர்கள் சொல்லிக்கொள்கிறார்களே, அந்தக் கணக்கில் சொல்கிறேன். என் அண்ணன் உச்சிமாகாளி ஒரு கப்பலில் செத்த அன்று அது நின்றுபோனது. போன வியாழக்கிழமை எங்கள் வீட்டு வாசலிலேயே ஒருவன் செத்தான், அன்றைக்கும் வரவில்லை.

முதலில் கப்பலைச் சொல்லிவிடுகிறேன். பேரீச்சம்பழத்துக்குப் போட்டிருக்க வேண்டிய சரக்குக் கப்பல் அது. பெயிண்டைச் சுரண்டினால் துரு, துருவைச் சுரண்டினால் கடல் என்பான் சமையல்காரன். நானும் அண்ணனும் தூத்துக்குடியிலிருந்து கிளம்பி அதில் மேல்தள வேலை பார்க்கும் கலாசிகளாக ஏறினோம். எங்களுக்குத் தலைவர், கப்பல் பாஷையில் சாரங், திருவொற்றியூர் பரசுராமன். ஆப்பிரிக்காவிலிருந்து மரக்கட்டை ஏற்றி வந்தோம். மழைக்குப் பயந்து சரக்கறையை இறுக மூடி வைத்திருந்தார்கள். ஈரமரம் மூடின இடத்தில் கிடந்தால் அங்கிருக்கிற நல்ல காற்றையெல்லாம் தின்றுவிடும். கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது.

அடியில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க அண்ணன் யாரிடமும் சொல்லாமல் மூடியைத் திறந்து ஏணியில் இறங்கினான். பாதி ஏணியிலேயே கை நழுவிவிட்டது. மேலே இருந்து பார்த்த நான் பின்னாலேயே இறங்கப் போனேன். பரசுராமன் என் காலரைப் பிடித்து இழுத்து, தரையில் தள்ளி, மேலே உட்கார்ந்துகொண்டார்.

"ஒண்ணு போச்சு நைனா. ரெண்டாக்காத."

அவர் முன்கையைக் கடித்தேன். விடவில்லை. முதுகில் காற்று சிலிண்டர் மாட்டிக்கொண்டு ஆட்கள் வந்து தூக்குவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கறி வைக்கிற குளிர் அறையில்தான் அண்ணனை வைத்துக் கொண்டுவந்தோம். கரை சேரும்வரை சமையல்காரன் பருப்பு மட்டுமே போட்டான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

கப்பலில் ஒரு சட்டம் உண்டு. மூடின அறைக்குள் ஒருவன் இறங்கினால் மூடியோரம் இன்னொருவன் நிற்க வேண்டும். உள்ளே இருப்பவன் விழுந்தால் இவன் சத்தம் போடலாம், ஆளைக் கூப்பிடலாம், இறங்க மட்டும் கூடாது. ஒருவனைத் தூக்க இறங்கி, அவன் பக்கத்திலேயே விழுந்து செத்த நல்லவர்கள் ஏராளம். எனக்கும் இதெல்லாம் மனப்பாடம். மனப்பாடம் ஆனதெல்லாம் மனதில் ஏறிவிடுமா? ஊருக்கு வந்ததும் மதினி ராமசெல்வியிடம் ஒன்றே ஒன்றைத்தான் சொன்னேன்.

"பரசுராமன் அண்ணன சாக விட்டுட்டான் மதினி."

அண்ணன் மகன் சண்முகவேல் இதைக் கேட்டே வளர்ந்தான். அவன் அப்பாவைப் பற்றி வேறு கதை நான் சொன்னதில்லை. பிழைப்புக்காக நாங்கள் எல்லோரும் திருவொற்றியூருக்கே குடிவந்தோம், பரசுராமன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. தேரடி டீக்கடையில் அவர் தலை தெரிந்தால் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுவேன். உடம்பில் எல்லாமே மரத்துப்போயிருந்தது, அவர்மேல் இருந்த கோபம் மட்டும் மரக்கவில்லை. அதையாவது விடாமல் வைத்திருந்தேன்.

இந்த வருஷம் சண்முகவேல் வாசலில் தரைக்கடியில் சம்ப் கட்டினான், லாரித் தண்ணீரைப் பிடித்து வைக்க. வேலையை எடுத்தவன் வியாசர்பாடி பகலவன், பள்ளிக்கூடத்தில் இவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். மேலே கான்கிரீட் போட்டு, இறுகட்டும் என்று மூடியைப் போட்டு வாரக்கணக்கில் விட்டிருந்தார்கள். கான்கிரீட்டைத் தாங்க அடித்த சென்ட்ரிங் பலகைகள் உள்ளேயே இருந்தன, அடியில் மழைத்தண்ணீர். மரம், ஈரம், மூடி. தினமும் அதைத் தாண்டித்தான் பால் வாங்கப் போனேன். புத்தியில் உறைக்கவே இல்லை. அந்தச் சாவு கடலோடு போயிற்று என்று ஒரு நினைப்பு.

வியாழக்கிழமை காலை பலகை பிரிக்க வந்தான் பகலவன். சண்முகவேல் காபியை நீட்டினான்.

"தோ பிரிச்சிட்டு வந்துர்றேன் மாமு. ஆறாம வெச்சிரு" என்று சொல்லிவிட்டு மூடியை நகர்த்தி உள்ளே இறங்கினான்.

நான் வராந்தாவில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். பலகையைத் தட்டும் சத்தம் வர வேண்டும், வரவில்லை. பேப்பரைப் போட்டுவிட்டு எழுந்தபோது சண்முகவேல் குனிந்து எட்டிப் பார்த்து, "டேய் பகலவா!" என்று கத்திக்கொண்டே காலை உள்ளே விட்டிருந்தான். ஓடிப்போய் காலரைப் பிடித்தேன். பின்னால் இழுத்துச் சாய்த்து அவன் மேல் உட்கார்ந்தேன். எதிர்வீட்டு லியாகத் அலி ஓடிவந்து அவன் கால்களை அமுக்கிக்கொண்டார். தீயணைப்புக்குப் போன் போடச் சொன்னேன், ஃபேனைக் கொண்டுவந்து குழிக்குள் காற்றடிக்கச் சொன்னேன். குரல் என்னுடையதுதான்.

"விடுங்க சித்தப்பா! கண்ணு முன்னால கெடக்கான்!"

"ஒண்ணு போயிட்டுல. ரெண்டாக்காத."

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று தெரிந்தது. சண்முகவேலுக்கு அது தெரியாது. ஆனால் வேறொன்று தெரிந்திருந்தது.

"எங்கப்பாவ விட்ட மாரி இவனையும் விடச் சொல்லுதியளா? அந்தப் பரசுராமனும் நீயும் ஒண்ணுதாம்யா!"

முழங்கையால் வாயில் இடித்தான். உதடு கிழிந்து ரத்தம் அவன் சட்டையிலேயே சொட்டியது. நான் எழுந்திருக்கவில்லை.

தீயணைப்புக்காரர்கள் முகமூடி மாட்டிக்கொண்டு இறங்கித் தூக்கினார்கள். உயிர் இல்லை. பகலவனின் மனைவி சங்கமித்ரா வந்து, அழுது, ஓய்ந்து, கடைசியில் என் பக்கம் திரும்பினாள்.

"அவரு தோஸ்த்தையாவது எறங்க உட்டிருக்கலாமே பெரியவரே. இன்னா மனுசன் நீ?"

கல்லைப்போல நின்றேன். அப்படி நின்றதற்கான வெட்கம்கூடத் தாமதமாகத்தான் வந்தது. தட்டு போட்டு மூடிய காபி சாயந்திரம்வரை வராந்தாவில் இருந்தது. மதினிதான் எடுத்துக் கொட்டிக் கழுவினாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பரசுராமன் வீட்டுக்குப் போனேன். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை. உதட்டைத்தான் பார்த்தார்.

"யார புட்ச்ச?"

"அண்ணன் மவன."

"பையன் கீறானா?"

"இருக்கான்."

"கீய போனவன்?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். நகர்ந்து இடம் கொடுத்தார், உட்கார்ந்தேன். பனியனுக்குக் கீழே அவர் முன்கை தெரிந்தது. என் பல்லெல்லாம் அதில் வரிசையாகத்தான் இருந்தது.

"அண்ணன் மவன் இனி எங்கிட்ட என்னைக்குமே பேசமாட்டான் சாரங்" என்றேன்.

"பேசமாட்டான். நீ பேசினியா? திட்டுவான். நல்லா திட்டட்டும் நைனா, கீறவன்தானே திட்டுவான்." ஒரு கடலையை உரித்து என் கையில் வைத்தார். "தேரடில நீ என்னப் பாத்து டம்ளர வெச்சிட்டுப் போவ பாரு, அப்பல்லாம் நெனச்சிக்குவேன். தோ போறான், கல்லு மாரி கீறான், நான் புட்ச்ச பையன்னு."

கடலையை மெல்ல முடியவில்லை, உதடு எரிந்தது. மன்னிப்பு என்று ஒன்று கேட்க வேண்டும் என்று தெரிந்தது. கேட்கவில்லை. அவரும் அதற்காகக் காத்திருந்ததாகத் தெரியவில்லை. இருட்டும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுக் கிளம்பினேன்.

சண்முகவேல் வாசலில், மூடியை இழுத்துப் போட்ட சம்ப் மேலேயே உட்கார்ந்திருந்தான். ரத்தக்கறை பட்ட சட்டையை மாற்றவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான், திட்ட ஆரம்பித்தான். தெருவே ஜன்னலைத் திறந்து கேட்டது. மதினி உள்ளே வரச்சொல்லிக் கையைக் காட்டினாள். நான் அசையவில்லை. அவன் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தான், நான் கேட்டைப் பிடித்தபடி கடைசி வார்த்தைவரை நின்று கேட்டேன்.