ஆறாவது குடா

பனிக்கடலோரத்து அந்த ஊரில், மரத்தில் கத்தி எப்படிப் போகிறதோ கரையும் அப்படியே போகும். அலை கொண்டுவந்து போடும் கட்டையில் கரையின் குடாக்களை வரிசையாகச் செதுக்குவார்கள். படகோட்டுகிறவர்கள் அதைக் கையுறைக்குள் வைத்துக் கட்டைவிரலால் தடவி, மூடுபனியிலும் குடாக்களை எண்ணி வீடு வந்து சேர்வார்கள். கண்ணுக்கு வேலையே இல்லை.

உதுவாக் நல்ல வேலைக்காரன்; அதை அவனே சொல்வான். அன்று செதுக்கும்போது தும்மல் வந்தது. இரண்டாவது குடாவுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே கத்தி இறங்கிவிட்டது. வெளியே கடல் அதே இடத்தில் கரைக்குள் புகுந்து, புதிதாக ஒரு குடாவாக உட்கார்ந்துகொண்டது.

வெட்டியதை ஒட்டவைக்க முடியாது. ஐந்தாவது குடாவில் இருந்த ஊர் இப்போது ஆறாவதில். அவன் மனைவி பீபாலுக் தாய்வீட்டிலிருந்து தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தாள். அவளிடம் இருந்தது பழைய கட்டை. ஐந்து எண்ணி இறங்குவாள். அங்கே இருப்பது தந்தம் நீண்ட வால்ரஸ் கூட்டம். அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் உதுவாக்கால் தாங்க முடியாது.

"அதனால் என்ன, ஊரை ஐந்தாவதுக்குக் கொண்டுபோய்விடலாம்," என்றான்.

"வால்ரஸ்கள் ஒத்துக்கொள்ளுமா, தம்பி?" என்று கேட்டார் பக்கத்து வீட்டு மீலாக்.

"முறையாகக் கேட்டால் ஒத்துக்கொள்ளும், அண்ணா. நம் இடத்தை அவற்றுக்குக் கொடுத்துவிடுவோம்."

ஒத்துக்கொண்டன. பொழுது சாய்வதற்குள் கூடாரம், நாய், பானை எல்லாம் ஐந்தாவதில். வால்ரஸ்கள் ஆறாவதில் போய்ப் படுத்தன. உதுவாக் வாசலில் உட்கார்ந்தவன் மூன்று நாள் அசையவில்லை.

நான்காம் நாள் மூடுபனிக்குள் துடுப்புச் சத்தம் கேட்டது. நிற்காமல் கடந்துபோனது. கூப்பிட்டான், நாய்கள் குரைத்ததில் குரல் எடுபடவில்லை. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பீபாலுக் அவனைவிடக் கெட்டிக்காரி. கட்டையில் இல்லாத குடா ஒன்று வழியில் வந்தால் சும்மா விடுவாளா? அங்கேயே செதுக்கிச் சேர்த்திருப்பாள். ஏற்கெனவே இருப்பதைத்தானே வெட்டினாள், கடலும் பேசாமல் இருந்துவிட்டது. அவள் ஆறு எண்ணிப் போய்விட்டாள்.

மறுநாள் காலை ஒரு கிழ வால்ரஸ் கரையேறியது.

"உங்கள் வீட்டுக்காரம்மா வந்து சேர்ந்துவிட்டார். எல்லாரும் எங்கே தொலைந்தீர்கள் என்று கேட்கிறார்."

உதுவாக்குக்கு உயிர் வந்தது. "இதோ கிளம்பிவிட்டோம். நீங்களும் பழையபடி இங்கேயே வந்துவிடுங்கள்."

"வரலாம்தான். ஆனால் அவர் எங்களை உங்கள் பக்கத்திலேயே இருக்கச் சொல்லிவிட்டார்."

வால்ரஸ் முகத்தை நீட்டியது. உதுவாக் கையுறையைக் கழற்றி, அதன் தந்தத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். ஆறாவதை அடுத்து வால்ரஸ்களுக்கென்று ஏழாவதாக ஒரு குடா, பீபாலுக் செதுக்கிய பிசிறில்லாத வேலை. நல்ல வெயில் படும் இடம்.

அவன் கூடாரத்தைப் பிடுங்க ஆரம்பித்தான். வால்ரஸ் நாய்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அவிழ்த்துவிட்டது.