முகுந்தன் கை பட்ட பைப்

கிள்ளானில் முகுந்தன் தடவிக் கொடுத்த எக்சோஸ் பைப் ஒன்றுகூட நீலம் பாய்ந்ததில்லை. பைப்பை நீலமாக்கும் அந்தச் சூடு முழுவதும் முகுந்தன் உடம்பில் ஏறியது. மோட்டார் சைக்கிள் எஞ்சினை ஒட்டி வளைந்து இறங்கும் அந்தப் புகைபோக்கிப் பைப் புதிதில் வெள்ளியாய் மின்னும். கொஞ்ச நாள் ஓட்டினால் சூட்டில் மஞ்சளாகி, ஊதாவாகி, நீலமாகிவிடும். அதைத் தடுக்க மற்றப் பட்டறைக்காரர்கள் செய்வதையெல்லாம் அவரும் செய்தார். தின்னரால் துடைத்தார், எஞ்சினுக்குப் போகும் பெட்ரோல் குறையாதபடி திருகி வைத்தார், கையுறை இல்லாமல் பைப்பைத் தொடவே மாட்டார், ஏனென்றால் விரலின் எண்ணெய் பட்ட இடம் முதல் சூட்டிலேயே கறையாகி அங்கேயே நின்றுவிடும். எல்லாம் முடிந்ததும் கையுறையோடு ஒரு தடவல். விஷயம் அந்தத் தடவலில்தான் இருந்தது. ஜொகூரிலிருந்து தாய்லாந்து எல்லைவரை மோட்டார் வைத்திருந்தவர்கள் எல்லாம் வந்து நின்றார்கள். வரிசையின் வால் போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரிகளை மறித்தது.

அவர் வீட்டுக்குச் சமையல் கேஸ் தோம்பு கொண்டுவருபவர் வழியையே மறந்துபோனார். தோளில் போட்ட துண்டு தானாக இஸ்திரியானது. பக்கத்து வீட்டுப் பவுனம்மாள் அவர் படுக்கும் அறைச் சுவரில் அப்பளத்தை ஒட்டிச் சுட்டெடுத்தாள். ஊருக்கெல்லாம் வசதி, மனைவி ரமணிக்குத்தான் தாங்கவில்லை. அவர் பக்கத்தில் படுத்தால் அவள் கழுத்துத் தாலி காய்ந்து சுட்டது. அதற்கு ஈரத்துணி சுற்றினாள். பைப்புக்குச் சுற்றும் வெப்ப நாடாவைக்கூடச் சுற்றிப் பார்த்தாள். கழற்ற மட்டும் மனம் வரவில்லை.

"ஒரே ஒரு பைப்ப நீலமா போக விடுங்க. சூடு எறங்கிடும்" என்றாள்.

"அப்புறம் என் பேரு என்னாவறது?" என்றார்.

ரமணி டெங்கிலில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். தாலி அங்கேயும் சுட்டது, ஆனால் தாங்கும்படி. ஆரம்பத்தில் மத்தியானங்களில் போனில் கூப்பிட்டு, இன்னிக்குப் பெரிய மோட்டாரா வந்திச்சி? கழுத்து கொதிக்குது என்பாள். வருடங்கள் போகப் போக அந்த அழைப்பும் நின்றது. கூட்டம் நிறைந்த ரயிலில் முகுந்தன் உட்கார்ந்தால் அந்தப் பெட்டியே காலியானது. பூனைகூட எட்டி நின்றுதான் குளிர் காய்ந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பிரிக்பீல்ட்ஸ் போய், வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் எதிரில் யாரோ வரப்போவதுபோல் இரண்டு இலை போடச் சொல்வார். ஒரு ஞாயிறு, சோறு விழும் முன்பே அவர் இலை வாடிச் சுருண்டது. எதிர் இலை பச்சையாகவே கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சாப்பிடாமல் எழுந்து கிள்ளானுக்குத் திரும்பினார்.

பட்டறையில் தன் சொந்த மோட்டாருக்குப் புதுப் பைப் ஒன்றை மாட்டினார். கையுறையைக் கழற்றினார். தலையிலிருந்த தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து, பைப்பில் அழுத்தி ஒரு முத்திரை வைத்துவிட்டு எஞ்சினை முடுக்கினார். பைப் மஞ்சளாகி, ஊதாவாகி, மயில் கழுத்தாகி, ஐந்து விரலும் அதில் பதிந்து நின்றன. அத்தனை வருடச் சூடும் இறங்கியதில் தெருவின் தார் உருகியது. முகுந்தனுக்குப் பல் கிட்டியது. கிள்ளான் வெயிலில் ஸ்வெட்டர் தேடினார்.

அதே நேரம் டெங்கிலில் ரமணியின் தாலி ஐஸ்கட்டியானது. அது குளிர்ந்து அவள் பார்த்ததே இல்லை. மனுஷன் போய்விட்டார் என்று மார்பில் அடித்துக்கொண்டு, அக்கா குடும்பத்தோடும் ஆளுயர மாலையோடும் ஒரு வேன் பிடித்து வந்து இறங்கினாள். முகுந்தன் ஸ்வெட்டருக்குள் சுருண்டு மைலோ குடித்துக்கொண்டிருந்தார்.

"உசுரோடவா இருக்கீங்க?"

"இருக்கேன் லா. குளிருது."

அவள் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கையை எடுக்கவில்லை. கொண்டுவந்த மாலையை வீணாக்காமல் மோட்டாருக்குப் போட்டார்கள். வேன் ரமணி இல்லாமல் திரும்பியது.

அதன்பிறகு முகுந்தன் தடவுவதை விட்டார், கிள்ளானில் பைப்புகள் எல்லாம் வழக்கம்போல் நீலம் பாய்ந்தன. முன்பு வரிசையில் நின்ற தனேஷ், அதுதான் இப்போது ஸ்டைல் என்றான். கேஸ் தோம்பு மறுபடி வந்தது, விலை ஏறியிருந்தது. விடாமல் மழை பெய்து ரமணி போர்வையை இழுக்கும் நாட்களில் மட்டும், முகுந்தன் பட்டறைக்குப் போய் யாருடைய பைப்பையாவது லேசாகத் தடவிவிட்டு வந்து படுத்தார்.