நான்கு வரிகள் பாக்கி

2.

இந்தக் கதைக்கு ஒன்றாம் பகுதி கிடையாது. யூதர்களான எங்களின் பழைய விவாத நூல்கள் எல்லாமே இரண்டாம் பக்கத்தில்தான் தொடங்கும். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். என் காரணம் அற்பமானது: ஒன்றாம் பகுதியில் என் தவறை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. மூன்று முறை எழுதிக் கிழித்துப் போட்டேன்.

மெல்பர்ன் கோல்ஃபீல்டில், நூலகத்தின் பின்னறையில், செவ்வாய்க்கிழமை காலைகளில் பெரியவர்களுக்கான வகுப்பை நடத்துகிறேன். எங்களில் யாரும் இந்த நூல்களைத் தனியாகப் படிப்பதில்லை. இருவர் இருவராக உட்கார்ந்து சத்தமாக வாதாடுவோம். பெயர்ப்பட்டியலைப் பார்த்து அகரவரிசைப்படி ஜோடி சேர்த்தேன். ஹெடி வைன்ட்ராப், லைனல் வைன்ட்ராப்.

(கணவன் மனைவி என்று நினைத்துவிட்டேன். அக்கா தம்பி. அப்போதே எட்டு வருடமாகப் பேச்சில்லை.)

3.

"உள்ளே நுழைந்து தம்பியைப் பார்த்த ஹெடியின் கண்களில்"

என்று தொடங்கினேன். வேண்டாம். கண்களில் ஒன்றும் நடக்கவில்லை. எழுபது வயது ஹெடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏன் ரோனித், வேற ஆளே கிடைக்கலையா உனக்கு?"

"மாத்திடவா?"

"எதுக்கு? அவர் எந்திரிச்சுப் போகட்டும்."

"நான்தான் முதல்ல வந்தேன்," என்றார் லைனல், ஜன்னலிடம்.

இருவரும் எழுந்திருக்கவில்லை. மூன்று வருடம் அப்படியே ஓடிவிட்டது. நூலைப் பற்றி மட்டும் பேசினார்கள், அதையும் சண்டையாக. சௌக்கியமா என்று ஒருவரை ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

4.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், ஒளித்துவைத்து வித்தை காட்டும் ஆசை எனக்கில்லை. அவர்கள் அம்மா ஒரு வியாழக்கிழமை இறந்தார். ஹெடி அப்போது இஸ்ரேலில், ஹைஃபாவில் இருந்தாள். எங்களில் அடக்கத்தைத் தள்ளிப்போடுவதில்லை. வெள்ளி மாலை, அடக்கம் கூடாத ஓய்வுநாள் தொடங்கும் முன் லைனல் முடித்துவிட்டார். ஹெடி ஞாயிறு காலை வந்து இறங்கினாள்.

அவர்கள் படித்த நூலோ, துக்கம் காப்பது பற்றியது. (நான் தேர்ந்தெடுத்ததுதான். இதற்கும் திட்டு வாங்கியிருக்கிறேன்.) போன குளிர்காலத்தில், உறவினர் வந்துசேர அடக்கத்தைத் தாமதிக்கலாமா என்ற கேள்வி வந்தது.

"காத்திருக்கலாம்னு போட்டிருக்கு பாருங்க," என்றாள் ஹெடி.

"கட்டாயம்னு போடலையே."

"அம்மாவுக்கு எங்க போற அவசரம்?"

மற்ற ஜோடிகள் திரும்பிப் பார்த்தன.

"ஆறு மாசம் படுத்துக் கிடந்தப்ப வராத ஆளு, ரெண்டு நாள்ல வருவாங்கன்னு நான் நினைக்கல."

"ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம்ல?"

லைனல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"கேட்டிருக்கணும்," என்றார்.

"அடுத்த வரியப் படிங்க," என்றாள் ஹெடி.

5.

நூல் முடியும்போது கடைசிச் சில வரிகளை விட்டுவைத்து, ஒரு நாள் குறித்து, நாலு பேரைக் கூப்பிட்டு, படித்து முடித்து விருந்து சாப்பிடுவது வழக்கம். இவர்கள் நான்கு வரி விட்டிருந்தார்கள். போன செவ்வாய்க்கு நாள் குறித்தோம். ஊறவைத்த மீன், விஸ்கி, ஹெடி சுட்ட தேன் கேக்.

முடிவு அ: கட்டிப்பிடித்து அழுகிறார்கள். (என் கணவரின் விருப்பம். எழுதிக் கோடடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: படித்து முடித்து, அவரவர் காரில் ஏறிப் போகிறார்கள். இனிப் பேச நூல் இல்லை. (மூன்று வாரமாக இதை நினைத்துத்தான் பயந்துகொண்டிருந்தேன்.)

நடந்தது இது. லைனல் அந்த நான்கு வரிகளின் மேல் விரலை வைத்தார். "நீங்களே படிங்க."

ஹெடி படிக்கவில்லை. "பன்னெண்டாம் பக்கத்துல எனக்கொரு சந்தேகம்."

"அங்க ஒரு சந்தேகமும் இல்ல."

"இருக்குங்கறேன்."

லைனல் பின்னோக்கிப் புரட்ட ஆரம்பித்தார். மெதுவாக, சந்தோஷமாக.

"அப்ப கேக்கு?" என்றது பின்வரிசை.

ஹெடி ஒரு துண்டு வெட்டி லைனல் முன் நகர்த்தினாள். சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"உனக்கு சுகர் இருக்கா? அப்பாவுக்கு இருந்துச்சே."

6.

லைனல் பதில் சொன்னார். எனக்குக் கேட்டது, ஆனாலும் எழுதப்போவதில்லை. இந்தக் கதையிலும் நான்கு வரிகளை விட்டுவைக்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். தனியாக மட்டும் எழுதக்கூடாது. பக்கத்து நாற்காலியில் யார் உட்கார வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.