ஏழு நிமிடத்தில் மாமி இல்லை

மேடையில் தனியாக நின்று கதைத்து ஆட்களைச் சிரிக்க வைப்பவன் நான். எங்கள் ஊர் சாய்ந்தமருதில் இதைத் தொழில் என்று சொன்னால் அதற்குத்தான் முதலில் சிரிப்பார்கள். பகலில் கல்முனையில் ஒரு புடவைக் கடையில் துணி கிழிக்கிறேன். பள்ளிக்கூட விழா, ஒன்றுகூடல் என்றால் மட்டும் ஜவாதைக் கூப்பிடுங்கள் என்பார்கள். வாடகை ஒலிபெருக்கிக்குக் கொடுக்கிற மரியாதைகூட எனக்குக் கிடையாது.

என்னிடமிருந்த சரக்கிலேயே நல்லது என் மாமிதான். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போக வேண்டும். நானும் போனேன், ஒன்பது வருசமாகிறது. மாமி பழைய வழக்கக்காரி, மருமகனோடு நேரே கதைக்கமாட்டார். நான் சாப்பாட்டு மேசையில் குழம்புக்கு முன்னால் இருக்கும்போதே என் பெண்சாதி ஸம்றாவிடம், “அவருக்குச் சொல்லு, ஆணம் ஆறுது” என்பார். ஸம்றா வெளியே போயிருந்தால் பூனையிடம் சொல்வார். பூனை என்னைப் பார்க்கும். நானும் பூனையிடமே “ஓம்” என்பேன்.

இதைத்தான் ஏழு நிமிடமாகக் கட்டி வைத்திருந்தேன். கொழும்பிலிருந்து தொலைக்காட்சிக்காரர்கள் ஹஜ்ஜுப் பெருநாள் நிகழ்ச்சிக்கு அழைத்தார்கள். பதினைந்து வருசமாக நான் வழி பார்த்திருந்த அழைப்பு அது. பின்னேரங்களில் சமையலறைக்குப் பின்னால் கிணற்றடியில் தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு, அந்தச் சத்தத்தில் மாமிக்குக் கேட்காது என்ற தைரியத்தில் ஒத்திகை பார்த்தேன். மாமியின் குரல் அச்சாக வந்தது.

புறப்படுகிற அன்று, என் சட்டையை மடித்துக்கொண்டே ஸம்றா சொன்னாள்: “உம்மாட மனசு நொந்தா நான் உங்கட பக்கம் நிக்கமாட்டன். இப்பவே சொல்லிட்டன்.”

வீடு அவளுடையது, உம்மாவும் அவளுடையவர், வந்து ஏறியவன் நான். அந்த வீட்டை விட்டால் எனக்குப் போக்கிடமில்லை. கொழும்பு பஸ்ஸிலேயே மாமியை வெட்டியெறிந்தேன். அந்த இடத்தில் பஸ் சீட்டைப் பற்றியும் மின்வெட்டைப் பற்றியும், வாயிருக்கிற எவனும் சொல்லக்கூடியதைப் போட்டு நிரப்பினேன். ஒருவருக்கும் நோகாத நகைச்சுவை என்று தயாரிப்பாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிப்பைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாமாம்.

பெருநாள் பின்னேரம் வீடு நிறையப் பெண்கள். மாமியின் ராத்தாமார் நாலு பேரும் வந்திருந்தார்கள், மூத்தவர் இறக்காமத்திலிருந்து ஓட்டோ பிடித்து. வட்டிலப்பம் தின்ன வந்த கூட்டம் என்றுதான் நினைத்தேன். மாமி புதுச் சாரி உடுத்து, தொலைக்காட்சிக்கு நேர் முன்னால் இருந்தார்.

நான் திரையில் வந்தேன். பஸ் வந்தது, மின்வெட்டு வந்தது. பெட்டிக்குள்ளே நூறு பேர் சிரித்தார்கள். பெட்டிக்கு வெளியே ராத்தாமார் தங்கள் தங்கச்சியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் மூத்தவர், உன்னைக் காணவில்லையே புள்ள என்று கேட்டார்.

மாமி எழும்பித் தொலைக்காட்சியை நிறுத்தினார். ஸம்றாவையும் தேடவில்லை, பூனையையும் தேடவில்லை. என் முகத்துக்கு நேரே திரும்பினார்.

“மோட்டார் சத்தத்துக்குள்ளயும் எனக்குக் கேக்கும் மருமகன். குசினி ஜன்னலுக்குப் பின்னால நிண்டு கண்ணால தண்ணி வரச் சிரிச்சன். நான் டீவியில வாறன் எண்டு இவங்களுக்கெல்லாம் கோல் எடுத்துச் சொன்னன். என்னை ஏன் வெட்டின நீங்க?”

எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. ஒன்பது வருசத்தில் அவர் முகம் பார்த்து நான் சொன்ன முதல் வார்த்தையும் அன்றுதான் வந்தது.

“உங்களுக்கு நோகுமெண்டு பயந்திட்டன் மாமி.”

“அப்ப நோகல்ல,” என்றார். “இப்பதான் நோகுது.”