யாருக்குக் காய்ச்சல்

டாக்டர் பேசி முடித்ததும் தண்ணீருக்குக் கை நீட்டினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மொழிபெயர்ப்பவள் தன் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, அவர் சொன்னதைத் துணை அமைச்சருக்குச் சொல்லத் தொடங்கினாள்.

அவளும் டாக்டரின் நாட்டில் பிறந்தவள்தான். கல்யாணமாகி இந்தப் பெரிய நாட்டுக்கு வந்து, வெளியுறவுத் துறையில் வேலை கிடைத்து, இங்கேயே வேர் விட்டுவிட்டாள். அங்கே ஆட்சி கவிழ்ந்து, இரண்டு பேர் ஆளுக்கொரு மாளிகையில் உட்கார்ந்துகொண்டு நான்தான் ஜனாதிபதி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். யார் கை ஓங்கும் என்று தெரியும்வரை எதிலும் தலையிடுவதில்லை என்பது இந்த நாட்டின் கொள்கை. அந்தக் கொள்கையால் மருந்துக் கப்பல் ஒன்று துறைமுகத்தை விட்டு நகராமல் நின்றது. அதை அனுப்பச் சொல்லிக் கெஞ்சத்தான் டாக்டர் யாரிடமோ கோட்டு ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். மயக்க மருந்து இல்லாமல் குழந்தைகளுக்குத் தையல் போடுவதைப் பற்றி அவர் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட அவள் விடவில்லை. அதுவரை அவள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கூட்டம் முடிகிற நேரத்தில் டிவிக்காரர்களைப் படமெடுக்க மட்டும் உள்ளே விட்டார்கள். துணை அமைச்சர் தன் ஆட்கள் பக்கம் சாய்ந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்: "ரெண்டு ஜனாதிபதியில யாருக்குக் காய்ச்சல்னு கேட்டுச் சொல்லுங்கப்பா. அவருக்கு மட்டும் மாத்திரை அனுப்பிடலாம்."

மேசையைச் சுற்றிச் சிரிப்பு ஓடியது. அவளும் சிரித்தாள், பல் தெரிய. மேலிடம் சிரித்தால் கீழே இருப்பவர்களுக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும், அந்தப் பழக்கம்தான். ஆனாலும் வாய் அவளுடையதுதானே.

டாக்டர் அவள் பக்கம் குனிந்தார். "என்னம்மா சொன்னாரு? எல்லாரும் சிரிக்கிறாங்களே?"

"உங்க அவசரம் புரியுதுன்னு சொல்றாரு டாக்டர்."

அவர் முகம் மலர்ந்ததை அவளால் பார்க்க முடியவில்லை. "ரொம்ப நன்றின்னு சொல்லும்மா. எங்க ஜனங்க மறக்க மாட்டாங்கன்னு சொல்லு," என்றார். அதையும் அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது. எதற்கு நன்றி என்று துணை அமைச்சருக்கு விளங்கவில்லை. இருந்தாலும் பெரிய மனதோடு தலையாட்டி ஏற்றுக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே அக்காவின் போன் வந்தது. அக்கா இன்னும் சொந்த நாட்டில்தான் இருந்தாள்; அங்கே போன் லைன் கிடைப்பதே குதிரைக்கொம்பு. அக்கா குரலில் அப்படியொரு துள்ளல்.

"உன்னை டிவியில பாத்தோம்டி! அந்த மந்திரி பக்கத்துல நீ சிரிச்சிக்கிட்டு இருந்தே. எனக்கு உயிரே வந்துச்சு. மாடிப்படி முழுக்க ஜனம் வந்து விசாரிக்குது. கப்பல் வருதுதானே?"

அவளுடைய வேலை ஒப்பந்த விதிப்படி, அறைக்குள் பேசியதை வெளியே சொல்லக்கூடாது. அந்த விதியைப் பிடித்துத் தொங்க ஒரு கணம் மனம் தாவியது.

"அத்தானுக்கு ஊசி மருந்து தீர்ந்து போச்சு. எல்லை தாண்டலாம்னு லாரியில இடம் பிடிச்சிருந்தோம்ல? உன்னைப் பாத்ததும் வேணாம்னு சொல்லிட்டேன். இந்த உடம்போட எதுக்கு அவரை அலைக்கழிக்கணும்?"

"லாரி போயிடுச்சா அக்கா?"

"தெருமுனையில நிக்குது. இப்ப கிளம்பிடும். ஏன்டி?"

"அக்கா, கப்பல் வராது. இப்போதைக்கு எதுவும் வராது. அத்தானைக் கூட்டிட்டுப் போயிடு."

மறுமுனையில் யாரோ இருமினார்கள். "டாக்டர் ரேடியோவுல சொன்னாரே... அவசரம் புரியுதுன்னு அவங்களே சொன்னதா..."

"அவங்க சொல்லல. நான் சொன்னேன்."

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் இவள் தாங்கியிருப்பாள்.

"பின்ன ஏன்டி சிரிச்சே?"

பதிலுக்கு அக்கா காத்திருக்கவில்லை. போனை அணைக்கவும் இல்லை. கதவு படாரென்று அடித்துக்கொண்டது. செருப்பில்லாத கால்கள் படியில் தடதடவென்று இறங்கின. "நில்லுங்கண்ணே, நில்லுங்க!" என்ற குரல் தூரமாகவும் கிட்டவாகவும் மாறி மாறிக் கேட்டது. அதற்கும் அப்பால் ஒரு கனமான எஞ்சின் உறுமத் தொடங்கியது. அந்தச் சத்தம் நெருங்குகிறதா விலகுகிறதா என்று தெரியாமல், ஒரு காலில் செருப்போடு, அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.