பொருளாளரின் ஒப்புதல்

குளிர்ப்பெட்டியின் ப்ளக் கூடத்துச் சுவரில் எந்தத் துளையிலும் நுழையவில்லை. பெட்டியைக் கொண்டுவந்த ஆள் ஒவ்வொன்றிலும் அழுத்திப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"பெரிய பாயின்ட் வேணுங்க. இதுல சொருகினா ப்யூஸ் போயிடும்."

"பெருசு வீட்டுலயே ஒண்ணுதான் இருக்கு. சமையலறைல" என்றான் அவளுடைய தம்பி. "ஏசி மாட்டியிருந்தா இங்க ஒண்ணு இருந்திருக்கும். மாமாதான் கரன்ட் பில்லு, கரன்ட் பில்லுன்னு மாட்ட விடல. இப்பப் பாரு, எந்நேரமும் ஓடற ஏசி." சொல்லி முடித்த பிறகுதான் அக்கா பக்கத்தில் நிற்பது தெரிந்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. கணவர் இருந்திருந்தால் இதற்குச் சிரித்திருப்பார். சமையலறைக்குப் போய் வாஷிங் மெஷினின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, எக்ஸ்டென்ஷன் ஒயரை வாசற்படி வழியாகக் கூடத்துக்கு விட்டாள். கூடத்தில் பெட்டி உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது.

மெஷினுக்கு மேலிருந்த பலகையில் சார்ஜில் கிடந்த பட்டன் போன் அதிர்ந்தது. குறுஞ்செய்தி.

வீட்டில் அந்தப் போனுக்குப் பெயர் சின்ன வீடு. அவள் வைத்த பெயர்தான். அது அதிர்ந்தால் போதும், தட்டில் சோறு இருந்தாலும் கையைக் கழுவிக்கொண்டு ஓடிவிடுவார். இன்சூரன்ஸ் கம்பெனியில் ஓய்வு பெற்ற பிறகு, சிறுநீரக நோயாளிகளுக்கான அறக்கட்டளை ஒன்றில் சம்பளமில்லாத பொருளாளராக இருந்தார். ரத்தம் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் மையம் ஒன்றை அது நடத்துகிறது. காசில்லாதவர்கள் வாரம் மூன்று முறை வந்து படுத்துவிட்டுப் போவார்கள். அறக்கட்டளையின் கணக்கிலிருந்து எந்தப் பணம் வெளியே போவதானாலும் வங்கி ஒரு ஓடிபி எண்ணை இந்தப் போனுக்குத்தான் அனுப்பும். அவர் அதைச் சொன்னால்தான் பணம் நகரும். அவருக்கு மாற்றாக இன்னொருவர் கிடையாது. வேண்டாம் என்று விதியே போட வைத்திருந்தார். "ரெண்டு சாவி இருந்தா பூட்டு எதுக்கு?" என்பார்.

விடிகாலையில் நடக்கப் போகச் செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. இரண்டு தெரு தள்ளியிருக்கும் டாக்டர்தான் முதலில் ஓடிவந்தார். அறக்கட்டளையின் தலைவர், மையத்தைத் தொடங்கியவர். நாடி பார்த்தார், மார்பை அழுத்திப் பார்த்தார், பிறகு அவருடைய கண்களை மூடிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார். அந்த அழுகை பொய்யில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

இப்போது டாக்டர் சமையலறை வாசலில் நின்றார். பின்னால் அறக்கட்டளையில் கணக்குப் பார்க்கும் பெண், லேப்டாப் பையை மார்போடு அணைத்தபடி.

"அண்ணி, ஒரு நிமிஷம். இந்த நேரத்துல கேக்கக்கூடாது. அண்ணனோட பட்டன் போன்ல ஒரு ஓடிபி வந்திருக்கும். அதை மட்டும் சொன்னாப் போதும்."

அவள் போனைக் கையில் எடுத்தாள். திறக்கவில்லை.

"அவர்தான் இல்லையே டாக்டர்."

"வாஸ்தவம். ஆனா மையத்துல ஃபில்டரும் ட்யூபும் இன்னிக்கு ராத்திரியோட தீருது. பணம் வராம வண்டியை எடுக்க மாட்டேன்னு கம்பெனிக்காரன் பிடிவாதமா நிக்கறான். நாளைக் காலைல வர்றவங்களைத் திருப்பி அனுப்பணும். ஒரு நாள் தள்ளினா உடம்புல நீர் கட்டும். ரெண்டு நாள் தள்ளினா மூச்சு முட்டும். அதுக்கு மேல நான் சொல்ல வேணாம்."

"பேங்க்ல போய் நிலைமையைச் சொல்லுங்களேன்."

"சொன்னா கணக்கை நிறுத்திடுவாங்க. புதுப் பொருளாளரைப் போடணும். அதுக்குப் பொதுக்குழு கூடணும். பொதுக்குழுவுக்கு நோட்டீஸ் விடணும். நோட்டீஸ்ல பொருளாளர் கையெழுத்துப் போடணும்." டாக்டர் கையை விரித்தார். "விதி அப்படி."

"அந்த விதியை எழுதினது யாரு?"

டாக்டர் கூடத்தின் பக்கம் ஒரு முறை பார்த்தார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் இருக்கிற ஓட்டையெல்லாம் அடைக்கத் தெரிந்த மனுஷனுக்கு, தனக்கு ஒன்று ஆகிவிட்டால் என்று மட்டும் ஒரு நாளும் தோன்றவில்லை. அவள் பள்ளிச் சீருடை தைக்கும் கடை வைத்திருக்கிறாள். அவள் இல்லாவிட்டாலும் கடையைத் திறக்க இரண்டு பேரிடம் சாவி இருக்கிறது.

போனைத் திறந்து செய்தியைப் படித்தாள். எண்ணுக்கு மேலே தொகை இருந்தது. ட்யூபுக்கும் ஃபில்டருக்கும் என்ன ஆகும் என்பது அவளுக்கே மனப்பாடம். இது அதைப் போலப் பல மடங்கு.

ஒரு வாரமாக இந்த வீட்டில் இதுதான் பேச்சு. மையத்துக்குப் பக்கத்துக் காலி மனையில் மூன்று மாடிக் கட்டடம் எழுப்ப டாக்டருக்கு ஆசை. நோயாளிகளுக்கென்று ஒதுக்கி வைத்த வைப்புத் தொகை முதிர்ந்து கணக்குக்கு வந்திருந்தது. அதிலிருந்து கட்டடத்துக்கு முன்பணமும் ட்யூப் கம்பெனியின் பாக்கியும் ஒரே தொகுப்பாக ஒப்புதலுக்கு வந்தன. இரண்டும் போகும், அல்லது இரண்டும் நிற்கும். கணவர் போனோடு பால்கனியில் முன்னும் பின்னும் நடந்தபடி தினமும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார். "பிரிச்சு அனுப்புங்க டாக்டர். ட்யூபுக்கு இந்த நிமிஷமே சொல்றேன். கட்டடத்துக்குச் சொல்ல மாட்டேன்." அந்தப் பக்கம் டாக்டர் ஏதோ சொல்வார். இவர் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். சாப்பாடு ஆறிப்போகும்.

"ரெண்டும் வளர்ந்த புள்ளைங்க, ஒரு பொம்மைக்கு அடிச்சுக்குதுங்க" என்று நேற்று மாலைகூடத் தம்பியிடம் போனில் சொல்லியிருந்தாள்.

"இது ட்யூபுக்கு மட்டும் இல்லையே" என்றாள்.

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு வார அலைச்சல் முகத்தில் தெரிந்தது.

"மறைக்கல அண்ணி. கட்டடமும் சேர்ந்துதான். அண்ணனுக்கும் எனக்கும் அதுலதான் தகராறு, உங்களுக்குத் தெரியும். ஆனா ஒண்ணு யோசிங்க. ட்யூபைப் பாத்து எவன் நன்கொடை குடுப்பான்? கட்டடம்னா அவன் அப்பா பேரை மாடி மேல எழுதுவோம், குடுப்பான். அந்தக் காசுலதான் இன்னும் பத்துக் கட்டில் போட முடியும். அண்ணன் இருக்கறதைப் பொத்திப் பொத்தி வெச்சார். பொத்தி வெச்சா வளருமா?"

அவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதுபோல் பட்டது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"கட்டடம் வேணுமா வேணாமான்னு எனக்குத் தெரியாது டாக்டர். அதை நீங்க பத்துப் பேரு உக்காந்து பேசுங்க. இப்ப ட்யூபை மட்டும் தனியா அனுப்பச் சொல்லுங்க. நம்பர் சொல்றேன்."

"தொகுப்பாப் போட்டது போட்டதுதான். இப்பப் பிரிக்க முடியாது."

கணக்குப் பார்க்கும் பெண் தொண்டையைச் செருமினாள்.

"பிரிக்கலாம் சார். இதை ரத்து பண்ணிட்டுத் தனித்தனியாப் போடலாம்."

"எவ்ளோ நேரம் ஆகும்மா?" என்று அவள் கேட்டாள்.

"பத்து நிமிஷம் ஆகுங்க."

டாக்டர் கணக்குப் பெண்ணைப் பார்த்தார். அந்தப் பெண் தரையைப் பார்த்தாள்.

"பத்து நிமிஷமா?" என்று அவள் மறுபடி கேட்டாள்.

"ஆமாங்க. பொருளாளர் சார் தினமும் எனக்கும் போன் பண்ணிப் பிரிக்கச் சொல்லிக் கேட்டாரு. எனக்கு..." முடிக்காமல் பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

வாஷிங் மெஷினின் மூடி திறந்து கிடந்தது. அவள் அதை ஓங்கி அறைந்து மூடினாள். கூடத்தில் பேச்சு சட்டென்று நின்றது. தம்பி எட்டிப் பார்த்து, "என்னக்கா?" என்றான்.

"ஒண்ணுமில்ல. எல்லாருக்கும் டீ குடு."

டீ டம்ளர்களை ஒதுக்கிவிட்டு அடுப்பு மேடையிலேயே லேப்டாப்பைத் திறந்தார்கள். கணக்குப் பெண்ணின் விரல்கள் அவசரமாக ஓடின. கூடத்தில் யாரோ புதிதாக வந்து அழுதார்கள். அழுவது யார் என்று பார்க்கக்கூட அவளால் நகர முடியவில்லை. போன் அதிர்ந்தது. இந்த முறை தொகை சரியாக இருந்தது. எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். கணக்குப் பெண் திருப்பிச் சொல்லித் தட்டினாள்.

"போயிருச்சுங்க."

டாக்டர் கம்பெனிக்குப் போன் செய்து வண்டியை எடுக்கச் சொன்னார். குரலில் நிம்மதி இருந்தது. பிறகு தன் கைப்பையிலிருந்து சான்றிதழ்ப் புத்தகத்தை எடுத்தார். தகன நிலையத்தில் காட்ட மருத்துவரின் இறப்புச் சான்று வேண்டும். பெயர், வயது, காரணம் எல்லாம் எழுதினார். நேரம் என்ற இடத்தில் பேனா நின்றது.

"அண்ணி, மதியம்னு போட்டுடறேன்."

"எதுக்கு?"

"இப்ப போன பணத்துல அவர் ஒப்புதல்னு பதிவாயிருக்கு. விடிகாலைல போனவர் காலைல எப்படி ஒப்புதல் குடுத்தார்னு ஆடிட்டர் கேப்பான். இத்தனை வருஷம் அவர் கணக்குல ஒரு கேள்வி வந்ததில்ல. கடைசி நாள்ல வரணுமா? அவர் பேருக்காகத்தான் சொல்றேன்."

முன்கூட்டி ஒரு காசோலையில்கூடக் கையெழுத்துப் போட்டு வைக்காதவர். ஒரு முறை மையத்துக்கு வாங்கிய பழைய நாற்காலிகளுக்கு ரசீது கிடைக்கவில்லை என்று அந்தப் பணத்தைத் தன் ஓய்வூதியத்திலிருந்து கட்டினார். அவள் அதற்கு ஒரு மாதம் திட்டினாள். கேள்வி வரக்கூடாது, அவ்வளவுதான் அவருக்கு. பெருமை என்று இருந்தது அது ஒன்றுதான். மதியம் என்று எழுதிவிட்டால் அது அப்படியே இருக்கும். ஒரு சொல்.

மேடையில் லேப்டாப் இன்னும் திறந்தே இருந்தது. கணக்குப் பெண் அதை மூடவும் இல்லை, மூடலாமா என்று கேட்கவும் இல்லை.

"மதியம்னா, அதுவரைக்கும் இன்னும் எத்தனை ஓடிபி வரும் டாக்டர்?"

டாக்டரின் முகம் சிவந்தது.

"என்னை அவ்ளோ கேவலமா நினைக்கறீங்களா?"

"நினைக்கல. நீங்க நினைச்சாலும் முடியாம இருக்கட்டும்னுதான். அவர் எப்பப் போனாரோ அப்பன்னே எழுதுங்க. நம்பர் குடுத்தது நான். ஆடிட்டர் கேட்டா என் பேரைச் சொல்லுங்க, வந்து பேசறேன்."

"அண்ணனுக்கு இது பிடிக்காது."

"பிடிக்காதுதான். இருந்தா குதிச்சிருப்பாரு" என்றாள். "எழுதுங்க."

டாக்டர் எழுதினார். அழுத்தமாக எழுதியதில் தாள் லேசாகக் கிழிந்தது. புத்தகத்திலிருந்து அதைப் பிரித்து அவளிடம் நீட்டிவிட்டுக் கூடத்துக்குப் போய்விட்டார். கணக்குப் பெண் லேப்டாப்பை மூடினாள்.

"நானும் கூட வந்ததைத் தப்பா எடுத்துக்காதீங்கம்மா. எனக்கும் சம்பளம் டாக்டர்தான் குடுக்கறாரு."

"தெரியும் போ. டீ குடிச்சியா?"

அந்தப் பட்டன் போனில் ஒரே ஒரு எண்தான் பதிவாகியிருந்தது. அழைத்தாள். வங்கி மேலாளர் எடுத்ததும், "சொல்லுங்க சார்" என்றார்.

"நான் அவர் வீட்டுல பேசறேன்."

"சார் இல்லைங்களா?"

காலையிலிருந்து உறவுக்கெல்லாம் தம்பிதான் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

"இறந்துட்டாருங்க. விடிகாலைல. அறக்கட்டளைக் கணக்கை நிறுத்தி வெச்சிடுங்க. காலைல ஒரு பணம் போச்சு, அதுக்கு நம்பர் குடுத்தது நான். அதையும் எழுதிக்கிடுங்க."

"நீங்க... சரிங்கம்மா. அதை எழுத்துல தர வேண்டியிருக்கும். இப்ப இல்ல, அப்பறம்" என்றார் மேலாளர்.

பிற்பகலில் மகள் வந்து சேர்ந்தாள். அழுது ஓய்ந்தபோது அமரர் ஊர்தி கீழே வந்து நின்றிருந்தது. லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையாது, படியில்தான் இறக்க வேண்டும் என்று தம்பி ஆள் சேர்த்துக்கொண்டிருந்தான். "இந்தப் பக்கம் நாலு பேரு, அந்தப் பக்கம் நாலு பேரு. மூட்டு வலிக்காரங்க தயவுசெஞ்சு வேடிக்கை பாருங்க."

அப்போது மையத்திலிருந்து சிலர் வந்தார்கள். அதில் ஒருவர் சுவருக்கு வண்ணம் அடிப்பவர். சட்டைக் கையில் காய்ந்த பெயின்ட். அவள் முன்னால் வந்து கும்பிட்டார்.

"காலைல சரக்கு இல்ல, நாளைக்கு வராதீங்கன்னாங்க. இப்ப வந்திருச்சாம், வரச் சொல்லிட்டாங்க. சார்கிட்டச் சொல்லலாம்னு போன் போட்டாதான் விஷயமே தெரிஞ்சுதும்மா."

அவள் தலையை ஆட்டினாள்.

அவர் ஸ்ட்ரெச்சரின் ஓரத்துக்குப் போய் நின்றார். "இங்க ஆள் போதும்ணே, அந்தப் பக்கம் போங்க" என்றான் தம்பி. அந்தப் பக்கம் நின்றால் இடது கையால் பிடிக்க வேண்டும். அவர் தயங்கினார். இடது கையின் சட்டைத் துணிக்கடியில், டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்திப் புடைத்த ரத்தக்குழாய் தடித்துத் தெரிந்தது. அந்தக் கையில் கனம் தூக்கக்கூடாது.

கம்பியைப் பிடித்துக் குனிந்திருந்த டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். தன் இடத்தை அவருக்கு விட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்ப் பிடித்தார்.

தூக்கினார்கள். முதல் மாடித் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சரைச் சாய்த்துத் திருப்ப வேண்டியிருந்தது. "மெதுவா, மெதுவா, தலைப்பக்கம் உசத்துங்க" என்று தம்பியின் குரல் கேட்டது. வண்ணம் அடிப்பவர் வலது கையால் கம்பியை இறுகப் பிடித்திருந்தார். இடது கையை மடக்கி, சுவரில் உரசிவிடாமல், மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார்.